அமெரிக்க அதிபர் தேர்தலில் யார் நிற்கலாம், அதை யார் பார்ப்பது?

கமலா ஹாரிஸின் அம்மா சியாமளா கோபாலன் சென்னையில் பிறந்து, 1958-இல் மேல்படிப்புக்காக கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போனவர். 1964-இல் ஓக்லண்ட் நகரில் கமலா பிறந்தார். அங்கே பிறந்தார் என்ற ஒரு காரணமே போதுமானதாக இருந்தது. 2020-இல் துணை அதிபர் பதவிக்கும் 2024-இல் அதிபர் பதவிக்கும் நிற்க அவருக்குச் சட்டப்படி எந்தத் தடையும் இல்லை. ராஜா கிருஷ்ணமூர்த்தி கதை வேறு. தமிழ்க் குடும்பத்தில் டெல்லியில் பிறந்து, மூன்று மாதக் குழந்தையாக அமெரிக்கா போனவர் அவர். வளர்ந்தது, படித்தது, வக்கீலானது, 2016 தேர்தலில் இல்லினாய் மாநிலத்திலிருந்து பிரதிநிதிகள் சபைக்கு வென்றது எல்லாம் அங்கேதான். ஆனாலும் அவரால் அதிபர் தேர்தலில் நிற்க முடியாது. சென்னையில் பிறந்து 2000-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பிரமிளா ஜெயபாலும் எவ்வளவு பெரிய தலைவராக வளர்ந்தாலும் நிற்க முடியாது. உகாண்டாவின் கம்பாலாவில் பிறந்து 2025 நவம்பரில் நியூயார்க் மேயர் தேர்தலில் வென்ற ஸோரான் மம்தானிக்கும் இதே தடைதான்.

விதி மூன்றே வரி. அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாவது பிரிவில் இருக்கிறது. அதிபராக வருபவர் பிறவிக் குடிமகனாக இருக்க வேண்டும், 35 வயது நிறைந்திருக்க வேண்டும், 14 ஆண்டுகளாவது அமெரிக்காவில் வசித்திருக்க வேண்டும். பிரதிநிதிகள் சபைக்கு 25 வயதும் 7 ஆண்டு குடியுரிமையும் போதும், செனட்டுக்கு 30 வயதும் 9 ஆண்டு குடியுரிமையும் போதும். மாநில ஆளுநர், மத்திய அமைச்சர், உச்ச நீதிமன்ற நீதிபதி என்று வேறெந்தப் பதவிக்கும் எங்கே பிறந்தாய் என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. அதிபருக்கும், அவர் இடத்துக்கு வரக்கூடிய துணை அதிபருக்கும் மட்டும்தான் கேட்கிறது.

இவ்வளவு கடுமையாக விதி எழுதியவர்கள், அதைச் சரிபார்க்கும் வேலையை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. வேட்புமனுவை வாங்கிப் பரிசீலித்து, இவர் தகுதியுள்ளவர், இவர் இல்லை என்று நாடு முழுமைக்குமாகச் சொல்லும் தேர்தல் அதிகாரி என்று அங்கே ஒருவரும் கிடையாது. பிறவிக் குடிமகன் என்றால் யார் என்பதற்கு விளக்கமும் அரசமைப்புச் சட்டத்தில் கிடையாது. உச்ச நீதிமன்றமும் இன்றுவரை ஒரு வேட்பாளரின் வழக்கில் அதைத் தீர்த்துச் சொன்னதில்லை. இந்தக் காலி இடத்தில்தான் ஒபாமா மீதான பிறப்புச் சான்றிதழ் பிரச்சாரம் முளைத்தது. 2024-இல் டிரம்ப் பெயரை வாக்குச்சீட்டிலிருந்து நீக்கச் சொன்ன வழக்கு முட்டி நின்றதும் இங்கேதான், இன்றைக்கு மூன்றாவது முறை பதவி என்ற பேச்சு கிளம்புவதும் இங்கிருந்துதான். என் பார்வையில் அமெரிக்கத் தேர்தல் முறையின் மிக ஆபத்தான ஓட்டை இதுதான்.

சரி, இந்த விதி எங்கிருந்து வந்தது? 1787 கோடையில் ஃபிலடெல்ஃபியாவில் அரசமைப்பு மாநாடு நடந்துகொண்டிருந்தது, தலைமை ஜார்ஜ் வாஷிங்டன். ஜூலை 25-ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து ஜான் ஜே (பின்னாளில் நாட்டின் முதல் தலைமை நீதிபதி) அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். படைகளின் தலைமை பிறவிக் குடிமகன் அல்லாத எவர் கைக்கும் போகாதபடி வெளிப்படையாக எழுதிவைத்துவிடுவது நல்லது என்பது அதன் சாரம். செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு குழு அந்த நிபந்தனையை வரைவில் சேர்த்தது, மாநாடு பெரிதாக விவாதம் எதுவும் செய்யாமல் ஏற்றுக்கொண்டது. பயம் என்னவென்றால் ஐரோப்பிய அரச குடும்பங்கள். பணமும் செல்வாக்கும் உள்ள ஏதாவது ஓர் இளவரசன் கடல் தாண்டி வந்து புதுக் குடியரசின் தலைமையைப் பிடித்துவிடுவானோ என்ற அச்சம். அப்போதுதான் பிறந்த ஒரு நாட்டுக்கு அது நியாயமான அச்சம்தான்.

ஆனால் அன்றைக்கு இருந்த தலைவர்கள் எல்லாரும் பிரிட்டிஷ் மன்னரின் குடிமக்களாகப் பிறந்தவர்கள். அதனால் சட்டம் ஏற்கப்படும் நாளில் குடிமக்களாக இருப்பவர்களுக்கு ஒரு விலக்கு கொடுத்தார்கள். நாட்டின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன், கரீபியத் தீவான நெவிஸில் பிறந்ததால்தான் அதிபராக முடியவில்லை என்று பலர் சொல்வதுண்டு, அது தவறு; இந்த விலக்கு அவருக்கும் பொருந்தும். சுதந்திரத்துக்குப் பிறகு பிறந்த முதல் அதிபர் 1782-இல் பிறந்த மார்ட்டின் வான் பியூரன், அவர் எட்டாவது அதிபர். அவருக்கு முன்னால் இருந்த ஏழு பேரும் அந்த விலக்கால் வந்தவர்களே.

பிறவிக் குடிமகன் என்பதற்கு முதல் காங்கிரஸ், அதாவது செனட்டும் பிரதிநிதிகள் சபையும் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்றம், ஓர் அர்த்தம் கொடுத்துப் பார்த்தது. 1790-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், வெளிநாட்டில் அமெரிக்கக் குடிமக்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளும் பிறவிக் குடிமக்களாகவே கருதப்படுவார்கள் என்றது. ஐந்தே ஆண்டில், 1795-இல், அந்தச் சட்டத்தை மாற்றி எழுதியபோது குடிமக்கள் என்று மட்டும் வைத்துக்கொண்டு முன்னால் இருந்த பிறவி என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். எதற்காக எடுத்தார்கள் என்று இரண்டு பக்கமும் இன்றைக்கும் வாதாடுகிறார்கள்.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு 1868-இல் வந்த 14-வது திருத்தம், அமெரிக்க மண்ணில் பிறந்து அந்த நாட்டின் சட்ட ஆளுகைக்கு உட்பட்டவர்கள் எல்லாரும் குடிமக்கள் என்றது. முன்னாள் அடிமைகளின் பிள்ளைகளை இனி எந்த நீதிமன்றமும் வெளியே தள்ள முடியாதபடி செய்வதுதான் நோக்கம். அதன் எல்லை எவ்வளவு தூரம் என்று 1898-இல் ஒரு வழக்கு வந்தது. வாங் கிம் ஆர்க் 1873-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர். சீனா போய்த் திரும்பியவரை நீ குடிமகன் இல்லை என்று துறைமுகத்திலேயே நிறுத்திவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் 6-க்கு 2 என்ற கணக்கில் அவர் பிறப்பாலேயே குடிமகன் என்று தீர்ப்பளித்தது. மறுத்து எழுதிய தலைமை நீதிபதி ஃபுல்லர் தன் வாதத்தில் அதிபர் பதவியையே இழுத்தார். அந்நியர்களின் பிள்ளைகள் இங்கே பிறந்ததாலேயே அதிபராகலாம், நம் குடிமக்களுக்கு வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைகள் ஆக முடியாதா என்று கேட்டார். அந்தக் கேள்வியில் சீனர்கள் மீதான வெறுப்பு மறைக்கப்படாமல் தெரிகிறது.

இன்றைக்குப் பெரும்பாலான சட்ட அறிஞர்கள் ஏற்கும் அர்த்தம் இதுதான்: பிறந்த நொடியிலேயே குடிமகனாக இருந்தவர், பிறகு அதற்காகத் தனியே எந்த நடைமுறைக்கும் உட்பட வேண்டிய தேவை இல்லாதவர் பிறவிக் குடிமகன். அமெரிக்க மண்ணில் பிறந்தவர்கள் விஷயத்தில் கிட்டத்தட்ட சந்தேகமே இல்லை. பெற்றோரின் குடியுரிமையால் வெளிநாட்டில் பிறந்தும் குடிமக்களானவர்களும் இதில் அடங்குவார்கள் என்பதே பெரும்பான்மைக் கருத்து, ஆனால் அங்கே எதிர்ப்புக் குரலும் உண்டு. விண்ணப்பித்துக் குடியுரிமை வாங்கியவர்கள் நிச்சயமாக வெளியே. பல வெளிநாட்டுக் குழந்தைகளை அமெரிக்கத் தம்பதிகள் தத்தெடுத்திருக்கிறார்கள், அந்தப் பிள்ளைகளும் வெளியேதான், கைக்குழந்தையாக வந்திருந்தாலும்.

சந்தேகம் கிளப்பும் வழக்கம் ஒபாமாவோடு தொடங்கியதில்லை. 1880-இல் துணை அதிபர் வேட்பாளராக இருந்த செஸ்டர் ஆர்தர் கனடாவில் பிறந்தவர் என்று எதிர்த்தரப்பு வதந்தி பரப்பியது. அவர் பிறந்தது கனடா எல்லையை ஒட்டிய வெர்மான்ட் மாநிலத்தில், 1829-இல். அப்பா அயர்லாந்துக்காரர், மகன் பிறந்து 14 ஆண்டு கழித்து 1843-இல்தான் குடியுரிமை வாங்கினார். அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டு இறந்தபின் 1881-இல் ஆர்தர் அதிபரே ஆகிவிட்டார். 1964-இல் குடியரசுக் கட்சி வேட்பாளர் பேரி கோல்டுவாட்டர் பிறந்த 1909-இல் அரிசோனா ஒரு மாநிலமாகவே ஆகியிருக்கவில்லை என்று சிலர் கேட்டார்கள். 2012-இல் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்ற மிட் ராம்னியின் அப்பா ஜார்ஜ் ராம்னி மெக்சிகோவில் பிறந்தவர். 1968-இல் அவர் வேட்பாளராகும் முயற்சியிலிருந்து பாதியிலேயே விலகிவிட்டதால் கேள்வி விடையில்லாமல் நின்றது.

2008-இல் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்ற ஜான் மெக்கெய்ன் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். அப்பா கடற்படை அதிகாரி. மகன் பிறந்தது 1936-இல், பனாமா கால்வாய்ப் பகுதியில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளத்தில். அந்தப் பகுதியில் அமெரிக்கர்களுக்குப் பிறந்தவர்கள் குடிமக்கள் என்று தெளிவாகச் சொன்ன சட்டம் அடுத்த ஆண்டுதான், 1937-இல், வந்தது. ஆக அவர் பிறந்த அன்றைக்குக் குடிமகன்தானா என்று ஒரு சட்டப் பேராசிரியர் விரிவாகவே எழுதினார். 2008 ஏப்ரலில் செனட் ஒருமனதாக ஒரு தீர்மானம் போட்டு, மெக்கெய்ன் பிறவிக் குடிமகன் என்று அறிவித்தது. அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவர்களில் ஹிலாரி கிளிண்டனும் உண்டு, பராக் ஒபாமாவும் உண்டு. எதிரணியில் நிற்கப்போகிறவரின் தகுதிக்கு ஒபாமா கையெழுத்துப் போட்டார். அந்தத் தீர்மானத்துக்குச் சட்ட பலம் கிடையாதுதான், ஆனால் அரசியலில் கேள்வி அதோடு முடிந்தது.

அந்த மரியாதை ஒபாமாவுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அப்பாவின் நாடான கென்யாவில் பிறந்தவர் என்று வதந்தி பரப்பினார்கள். அவர் 1961 ஆகஸ்ட் 4-ஆம் தேதி ஹவாயின் ஹொனலூலுவில் பிறந்தவர். ஹவாய் 1959-லேயே மாநிலமாகிவிட்டது. பிறந்த அறிவிப்பு அந்த மாதமே உள்ளூர்ப் பத்திரிகைகளில் வந்திருக்கிறது. 2008-இல் சான்றிதழை வெளியிட்டார். அது சுருக்கச் சான்றிதழ், முழுச் சான்றிதழ் எங்கே என்றார்கள். 2011-இல் டொனால்டு டிரம்ப் தொலைக்காட்சிகளில் இதைத் தொடர்ந்து பேசி தேசிய விவகாரமாக்கினார். ஏப்ரல் 27-ஆம் தேதி முழுச் சான்றிதழையும் வெள்ளை மாளிகை வெளியிட்டது. பதவியில் இருக்கும் அதிபர் தான் இந்த நாட்டுக்காரன்தான் என்று காகிதம் காட்ட வேண்டியிருந்தது. டிரம்ப் அதை ஒப்புக்கொண்டது 2016 செப்டம்பரில், தன் தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்னால்.

அம்மா அமெரிக்கர்தானே, கென்யாவில் பிறந்திருந்தால்தான் என்ன என்று சிலர் அப்போது கேட்டார்கள். அங்கே ஒரு நுட்பம் இருந்தது. பெற்றோரில் ஒருவர் மட்டும் அமெரிக்கராக இருந்தால், வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குக் குடியுரிமை போய்ச் சேர அந்த ஒருவர் 10 ஆண்டுகள் அமெரிக்காவில் வசித்திருக்க வேண்டும், அதில் 5 ஆண்டுகள் 14 வயதுக்குப் பிறகு என்பது அன்றைய சட்டம். ஒபாமா பிறந்தபோது அம்மாவுக்கு வயது 18. பதினாலோடு ஐந்தைக் கூட்டினால் 19. ஆக, பிறந்த இடம் கென்யா என்ற பொய்யை நிறுவிவிட்டால் குடியுரிமையையே பறித்துவிடலாம். அந்தப் பொய்யை அவ்வளவு பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டு தொங்கியதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

இதோடு குடியரசுக் கட்சி செனட்டர் டெட் குரூஸை வைத்துப் பாருங்கள். அவர் உண்மையாகவே வெளிநாட்டில், கனடாவின் கால்கரியில், 1970-இல் பிறந்தவர். அம்மா அமெரிக்கர், அப்பா கியூபாக்காரர். அம்மாவுக்குத் தேவையான ஆண்டுகள் இருந்ததால் பிறப்பிலேயே குடிமகன், 2014 வரை கனடா குடியுரிமையும் இருந்தது. 2016 உட்கட்சித் தேர்தலில் தனக்குப் போட்டியாக வளரும்வரை டிரம்ப் அதைப் பெரிதாக்கவில்லை, வளர்ந்ததும் எடுத்தார். சில மாநிலங்களில் வழக்குகள் வந்தன, பென்சில்வேனியா நீதிமன்றம் குரூஸ் தகுதியுள்ளவர் என்று சொன்னது, மேல்முறையீட்டிலும் அது நின்றது. ஆனால் ஒபாமாவைத் துரத்திய கூட்டம் குரூஸைத் துரத்தவில்லை. கனடாவில் பிறந்தவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு ஹவாயில் பிறந்தவரை ஆண்டுக்கணக்கில் விரட்டியதற்குச் சட்டத்தில் காரணம் தேடினால் கிடைக்காது. அப்பா கென்யர், பெயர் ஒபாமா, நிறம் கறுப்பு. காரணம் அங்கேதான் இருந்தது.

2020 ஆகஸ்டில் கமலா ஹாரிஸ் துணை அதிபர் வேட்பாளரானதும் ஜான் ஈஸ்ட்மன் என்ற சட்டப் பேராசிரியர் நியூஸ்வீக் இதழில் அவருடைய தகுதியைக் கேள்விகேட்டு எழுதினார், பெற்றோர் அப்போது குடிமக்களாக இல்லை என்பது அவர் வாதம். எதிர்ப்பு வந்ததும் இதழ் மன்னிப்புக் கேட்டது. 2024 ஜனவரியில், உட்கட்சித் தேர்தலில் டிரம்புக்குப் போட்டியாக நின்ற நிக்கி ஹேலிக்கும் இதே வாதம் வந்தது, டிரம்பே அதைப் பகிர்ந்தார். ஹேலி பிறந்தது தெற்குக் கரோலினாவில். வாங் கிம் ஆர்க் தீர்ப்பு வந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆகிவிட்டது, குடியேறிகளின் பிள்ளை யாராவது மேலே வந்தால் இன்னும் இதே கேள்விதான்.

அப்போது இதை யார்தான் தீர்ப்பது? மத்தியத் தேர்தல் ஆணையம் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அது பார்ப்பது பிரச்சாரப் பணம் மட்டும். வேட்பாளர் தகுதி அதன் வேலை இல்லை. அதிபர் தேர்தல் என்பதே அங்கே 50 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் தனித்தனியாக நடத்தும் தேர்தல்களின் கூட்டுத்தொகை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம், தனிப் படிவம், தனிக் கட்டணம், தனிக் கெடு. சில மாநிலங்களில் தகுதி உண்டு என்று வேட்பாளர் கையெழுத்திட்டால் போதும். பெரிய கட்சிகளின் வேட்பாளர் என்றால், கட்சி அனுப்பும் பெயரை, மாநிலத்தில் தேர்தல் வேலையைப் பார்க்கும் மாநிலச் செயலர் அச்சிட்டுவிடுவார். கட்சி என்ற அமைப்பைப் பற்றி அரசமைப்புச் சட்டம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, ஆனாலும் நடைமுறையில் முதல் வாயிற்காவலர்கள் கட்சிகள்தான்.

சின்னக் கட்சி வேட்பாளர்களிடம் மட்டும் மாநிலங்கள் கண்டிப்பைக் காட்டியிருக்கின்றன. 2012-இல் சோஷலிஸ்ட் கட்சி ஒன்றின் வேட்பாளராக நின்ற பீட்டா லிண்ட்சேவுக்கு வயது 27. கலிஃபோர்னியா அவர் பெயரை உட்கட்சித் தேர்தல் சீட்டில் போட மறுத்தது, மேல்முறையீட்டு நீதிமன்றம் அது சரிதான் என்றது. அதே ஆண்டு, குடியுரிமை பெற்றவரான அப்துல் ஹசன் கொலராடோவில் நிற்கக் கேட்டபோது மாநிலம் மறுத்தது, அந்த மறுப்பை உறுதிசெய்த நீதிபதி நீல் கார்சச், பின்னால் உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர். நிகராகுவாவில் பிறந்த ரோஜர் கலேரோவை அவர் கட்சி 2004, 2008 இரண்டு முறையும் நிறுத்தியது. சில மாநிலங்களில் அவர் பெயரே சீட்டில் வந்தது, சில மாநிலங்களில் அவருக்குப் பதில் வேறொருவர் பெயரை வைக்க வேண்டியிருந்தது. ஒரே நாடு, ஒரே விதி, ஒரே ஆள், மாநிலத்துக்கு ஒரு பதில்.

சாதாரண வாக்காளர் நீதிமன்றம் போனால்? ஒபாமா, மெக்கெய்ன் இருவர் மீதும் வந்த வழக்குகளை மத்திய நீதிமன்றங்கள் பெரும்பாலும் ஒரே காரணம் சொல்லித் திருப்பின: இதனால் உங்களுக்குத் தனிப்பட்ட பாதிப்பு என்ன, இல்லையென்றால் வழக்குப் போடும் உரிமை உங்களுக்கு இல்லை. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் அதன் விளைவு, ஒரு பொய்யைப் பொய் என்று நீதிமன்றம் சொல்லும் வாய்ப்பு போய்விட்டது. வழக்கு தள்ளுபடியாகும் ஒவ்வொரு முறையும், பார்த்தாயா, விசாரிக்கவே பயப்படுகிறார்கள் என்று பிரச்சாரம் செய்தார்கள். 2011-இல் அரிசோனா சட்டமன்றம் வேட்பாளர்கள் பிறப்புச் சான்றிதழ் காட்டியாக வேண்டும் என்று ஒரு மசோதாவை நிறைவேற்றியது. அதை ரத்து செய்தவர் குடியரசுக் கட்சியின் ஆளுநர் ஜேன் புரூவர்தான்.

கடைசிக் கட்டத்தில் காங்கிரஸ் இருக்கிறது. நவம்பரில் மக்கள் போடும் ஓட்டால் தேர்வாகும் 538 தேர்வர்கள் டிசம்பரில் ஓட்டுப் போட, ஜனவரி 6-இல் காங்கிரஸ் அதை எண்ணுகிறது. 1872 தேர்தலில் தோற்ற ஹொரேஸ் கிரீலி தேர்வர்கள் கூடுவதற்கு முன்பே இறந்துபோனார், ஜார்ஜியாவின் மூன்று தேர்வர்கள் அப்படியும் அவருக்கே போட்டார்கள், காங்கிரஸ் அந்த மூன்றையும் எண்ணவில்லை. ஆக அங்கே தள்ளுவதற்கு முன்னுதாரணம் உண்டு. 2022-இல் திருத்திய சட்டப்படி, ஆட்சேபம் எழுப்பவே இரண்டு சபையிலும் ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டும். 1933-இல் வந்த 20-வது திருத்தம், தேர்வான அதிபர் தகுதிபெறாமல் போனால் துணை அதிபர் பொறுப்பேற்பார் என்கிறது. தகுதி பெறவில்லை என்று அறிவிப்பது யார் என்று அதுவும் சொல்லவில்லை. கோடிக்கணக்கானவர்கள் ஓட்டுப் போட்டு முடித்தபின் ஜனவரியில் இந்தக் கேள்வியைத் திறப்பதைவிட நாட்டுக்குக் கேடான வேளை வேறு இருக்க முடியாது.

இந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்பது 2023, 2024-இல் வெட்டவெளிச்சமானது. 14-வது திருத்தத்தின் மூன்றாவது பகுதி, அரசமைப்பைக் காப்பதாக உறுதிமொழி எடுத்துப் பதவி வகித்தபின் கிளர்ச்சியில் இறங்கியவர்கள் மறுபடி பதவி வகிக்கக் கூடாது என்கிறது. தென் மாநிலங்களின் பிரிவினைத் தலைவர்களை மனத்தில் வைத்து எழுதியது. காங்கிரஸின் இரண்டு சபையும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டால் அந்தத் தடையை நீக்கலாம், 1872-இல் பெரும்பாலோருக்கு நீக்கியும் விட்டார்கள். 2021 ஜனவரி 6 நாடாளுமன்றக் கட்டடத் தாக்குதலுக்குப் பிறகு இது மறுபடி உயிர்பெற்றது. கொலராடோவில் ஆறு வாக்காளர்கள் டிரம்ப் பெயரை உட்கட்சித் தேர்தல் சீட்டில் போடக் கூடாது என்று வழக்குத் தொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் நார்மா ஆண்டர்சன், அந்த மாநில செனட்டில் குடியரசுக் கட்சியின் தலைவராக இருந்த மூத்த பெண்மணி. எதிர்க்கட்சிக்காரர்கள் கிளப்பியது என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

விசாரணை நீதிபதி, டிரம்ப் கிளர்ச்சியில் ஈடுபட்டார் என்று சொல்லிவிட்டு, ஆனால் அந்தத் தடை அதிபர் பதவிக்குப் பொருந்தாது என்றார். 2023 டிசம்பர் 19-இல் மாநில உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்று அதைப் புரட்டி, பொருந்தும், பெயரை நீக்குங்கள் என்றது. ஒன்பது நாளில் மெய்ன் மாநிலச் செயலரும் அதையே செய்தார். 2024 மார்ச் 4-ஆம் தேதி, கொலராடோ ஓட்டுப்போடுவதற்கு முந்தைய நாள், நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒன்பது பேரும் ஒன்றாக அந்த முடிவை ரத்து செய்தது. மத்தியப் பதவிகளுக்கு இந்தப் பகுதியை அமல்படுத்தும் அதிகாரம் மாநிலங்களுக்கு இல்லை என்றது. அதற்கு மேலே ஒரு படி போய், காங்கிரஸ் சட்டம் இயற்றினால்தான் அமல்படுத்த முடியும் என்று ஐந்து நீதிபதிகள் எழுதினார்கள், மற்ற நால்வர் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை என்று பிரிந்து நின்றார்கள். டிரம்ப் கிளர்ச்சி செய்தாரா இல்லையா என்ற கேள்வியை நீதிமன்றம் தொடவே இல்லை.

மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு வேட்பாளர் பட்டியல் வந்தால் தேர்தல் சிதறிவிடும் என்ற நீதிபதிகளின் கவலை எனக்குப் புரிகிறது, அது உண்மையான கவலை. ஆனால் மாநிலமும் செய்யக்கூடாது, காங்கிரஸும் செய்யாது என்ற நிலையில், அரசமைப்புச் சட்டத்தில் உயிரோடு இருக்கும் ஒரு தடை செயலில் இல்லாமல் போய்விட்டது. இதே நீதிமன்றத்துக்குப் போகாமலே மாநிலங்கள் லிண்ட்சேவையும் ஹசனையும் தடுத்து நிறுத்தியிருக்கின்றன. ஓட்டு வாங்க வாய்ப்பே இல்லாதவர்களுக்கு விதி வேலை செய்கிறது, ஜெயிக்கக்கூடியவர் வந்தால் விதி நின்றுவிடுகிறது.

குற்றத் தண்டனை பற்றிப் பலர் கேட்பதுண்டு. அதற்குத் தடையே இல்லை. முதல் உலகப் போரை எதிர்த்துப் பேசியதற்காகச் சிறையிலடைக்கப்பட்ட யூஜின் டெப்ஸ் 1920-இல் அட்லாண்டா சிறைக்குள் இருந்தபடியே நின்று 9 லட்சத்துக்கும் மேல் ஓட்டு வாங்கினார். 2024 மே மாதம் நியூயார்க்கில் 34 குற்றச்சாட்டுகளில் டிரம்ப் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது, நவம்பரில் அவர் ஜெயித்தார். தண்டனையைத் தகுதியிழப்பு ஆக்கினால் ஆட்சியில் இருப்பவர்கள் எதிரிகளை வழக்குப் போட்டே ஒழித்துவிடுவார்கள், இந்த ஒரு விஷயத்தில் மூன்று வரிகளோடு நிறுத்திக்கொண்டவர்கள் செய்தது சரி என்பேன்.

அப்புறம் இரண்டு முறை வரம்பு. ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1932-இலிருந்து நான்கு முறை வென்றதைப் பார்த்தபின், 1951-இல் 22-வது திருத்தம் வந்தது. எவரும் இரண்டு முறைக்கு மேல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது. தேர்ந்தெடுக்கப்படக் கூடாது என்றுதான் இருக்கிறது, பதவி வகிக்கக் கூடாது என்று இல்லையே, துணை அதிபராக வந்து, அதிபர் விலகினால் ஏறிக்கொள்ளலாமே என்று ஒரு வாதம் சுற்றுகிறது. 1804-இல் வந்த 12-வது திருத்தம், அதிபராகத் தகுதியில்லாதவர் துணை அதிபராகவும் முடியாது என்கிறது. அந்தத் தகுதி என்பதில் இரண்டு முறை வரம்பும் சேருமா என்பதில்தான் வாதக்காரர்கள் நுழைகிறார்கள். 2025 மார்ச்சில் டிரம்ப் மூன்றாவது முறை பற்றித் தான் விளையாட்டாகச் சொல்லவில்லை, வழிகள் இருக்கின்றன என்றார். அக்டோபரில், தனக்கு அனுமதி இல்லை என்பது ஓரளவு தெளிவாகத்தான் இருக்கிறது என்றும் சொன்னார். அந்தத் திருத்தத்தை எழுதியவர்களின் எண்ணம் எவருக்கும் புரியும்படி இருக்கிறது. ஆனால் ஏதாவது ஒரு கட்சி ஒரு நாள் அந்தப் பெயரை மாநிலங்களுக்கு அனுப்பினால் முதல் நாளே மறுக்க வேண்டியவர் யார் என்று கேட்டால், மேலே பார்த்த அதே சிக்கல்தான் பதில்.

வெளிநாட்டில் பிறந்தவர்களுக்குக் கதவைத் திறக்க முயற்சி நடக்காமல் இல்லை. ஆஸ்திரியாவில் பிறந்த ஆர்னால்டு ஸ்வார்சனேகர் கலிஃபோர்னியா ஆளுநராக வென்ற 2003-ஆம் ஆண்டில், குடியரசுக் கட்சி செனட்டர் ஆரின் ஹேட்ச் ஒரு திருத்தத்தை முன்மொழிந்தார்: 20 ஆண்டுகள் குடிமகனாக இருந்தவர் நிற்கலாம். செனட் குழு ஒன்று அதைப் பற்றி விசாரித்தது, அதோடு சரி. இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கும், 38 மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும். கடைசியாக ஒரு திருத்தம் நிறைவேறியது 1992-இல். ஹேட்சின் யோசனை நல்ல யோசனை என்றே நினைக்கிறேன். இருபது ஆண்டு வரி கட்டி, பிள்ளைகளை வளர்த்து, ராணுவத்தில்கூடப் பணியாற்றிய ஒருவரை 1787-இன் இளவரசர் பயத்தை வைத்துத் தடுப்பது நியாயமில்லை.

ஆனால் இப்போது காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. 2025 ஜனவரி 20-இல், பதவியேற்ற அன்றே, டிரம்ப் ஓர் ஆணை பிறப்பித்தார். அம்மா சட்டவிரோதமாகவோ, மாணவர் விசா, எச்-1பி போன்ற தற்காலிக விசாவிலோ அங்கே இருந்து, அப்பாவும் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை உள்ளவராகவோ இல்லையென்றால், அமெரிக்காவில் பிறக்கும் அந்தக் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்கிறது அது. கீழ் நீதிமன்றங்கள் தடை போட்டன, டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்டது. வழக்கின் மையத்தில் இருப்பது 14-வது திருத்தத்தில் உள்ள சட்ட ஆளுகைக்கு உட்பட்டவர்கள் என்ற அதே சொற்கள்தான். எச்-1பி விசாவில் டெக்சஸிலும் நியூஜெர்சியிலும் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது கடவுச்சீட்டுப் பிரச்சினையாகத்தான் முதலில் தெரியும். 1898 தீர்ப்பின் பொருளைச் சுருக்கினால், பிறவிக் குடிமகன் யார் என்ற வட்டமும் கூடவே சுருங்கும், பிறந்த இடத்தை மட்டும் காட்டி நிற்க முடியும் என்ற உறுதி அந்தப் பிள்ளைகளுக்கு இருக்காது.